வெயிலுக்கு எடுத்து வந்த கல்பெட்டி

"ஏனுங்க அம்மிணி, தக்காளியப் போட்டோவுல பார்த்தே தரம் சொல்லிப் போடுவீங்களாக்கும்?"

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என் அப்பா மூட்டை இறக்கும் மண்டியின் உரிமையாளர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என்ன வேலை என்று விசாரித்தார், சொன்னேன். பெரு நாட்டில் ஒரு மலையில் செம்பு தேடித் துளை போடுகிறார்கள். துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கல்லைப் பெட்டியில் அடுக்கிப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். நாங்கள் திண்டுக்கல்லில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து, அது என்ன கல், எப்படி மாறியிருக்கிறது என்று எழுதி அனுப்புகிறோம் என்றேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் அவர் அந்தக் கேள்வியைப் போட்டார். சுற்றி நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள். தலையில் முட்டைக்கோஸ் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். கல்லைத் தொடாத கல் படிப்பு என்று அன்றிலிருந்து மண்டியில் என் வேலைக்குப் பெயர்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதற்கு மேல் கல்லூரி, அதற்கும் மேல் புவியியலில் முதுகலை. இந்தப் பெருமையை மறைக்க எனக்குத் தெரியாது, மறைக்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு தக்காளிக் கேள்வி. அன்று முறைத்துவிட்டு வந்துவிட்டேன். அது எவ்வளவு நல்ல கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. அது தெரிந்த நாளைப் பற்றித்தான் நம் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். நான் நாற்காலியை மட்டும்தான் காலி செய்கிறேன்.

மென்பொருளை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். நீங்கள் நாளெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதுதான் இந்த வேலையின் ருசி.

பூமிக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக் குழம்பு ஒன்று ஏறி வந்து நிற்கிறது. அதற்கு மேல் வர முடியாமல் அங்கேயே ஆறத் தொடங்குகிறது. மெதுவாக ஆறும்போது உள்ளே பெரிய பெரிய படிகங்கள் வளர்கின்றன. பிறகு மிச்சமெல்லாம் சட்டென்று இறுகிப் பொடிப்பொடிப் படிகங்களாகிவிடுகிறது. பொடிமாவில் பதிந்த பெரிய படிகங்கள் என்றிருக்கும் அந்தப் பாறைக்குத்தான் பார்ஃபிரி என்று பெயர். ஆறும் குழம்புக்குள் கரைந்திருந்த தண்ணீருக்கு இப்போது உள்ளே இடம் இல்லை. அது வெளியேறப் பார்க்கிறது. தலைக்கு மேலுள்ள பாறை அந்த அழுத்தம் தாங்காமல் நொறுங்கி, வலை மாதிரி விரிசல் விடுகிறது. கந்தகத்தையும் செம்பையும் சுமந்துகொண்டு கொதிநீர் அந்த விரிசல்களில் பாய்கிறது. போகப் போகச் சூடு தணிகிறது, சுமக்க முடிவதில்லை, இறக்கிவைத்துவிடுகிறது. சுமை இறக்குவது எங்கள் வீட்டுத் தொழில் என்பதாலோ என்னவோ, கல்லூரியில் இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் பாடமாகவே தெரியவில்லை. மார்க்கெட்டில் நடந்த விஷயம் மாதிரி இருந்தது.

இறங்கிய செம்பு மிகக் கொஞ்சம். பல இடங்களில் கண்ணுக்கே படாது. ஆனால் தண்ணீர் வந்து போனது படும். போன வழியெல்லாம் பக்கத்துப் பாறையை அது வேறு பாறையாக மாற்றிவிட்டுப் போகிறது. நடுவில், சூடு அதிகமாக இருந்த இடத்தில், பாறை இளஞ்சிவப்பாகிறது. அதில் கரும்பழுப்பு மைக்கா மினுங்கும். அதைச் சுற்றிப் பாறை வெளிறிச் சாம்பல் வெள்ளையாகிறது. பழைய படிகங்களின் ஓரங்கள் கரைந்துபோய், பித்தளை நிறத்தில் பைரைட் புள்ளிகள் நிறைய இருக்கும். பைரைட்டில் செம்பு கிடையாது, வெறும் இரும்பும் கந்தகமும்தான். எல்லாவற்றுக்கும் வெளியே, சூடு குறைந்த ஓரத்தில், பாறை பச்சையாகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஓடுகள். செம்பு பெரும்பாலும் சிவப்பின் வெளி ஓரத்தில், வெள்ளையோடு சேரும் இடத்தை ஒட்டித்தான் கெட்டியாக இருக்கும். ஆகவே ஒரு துளையில் எங்கே சிவப்பு, எங்கே வெள்ளை, எங்கே பச்சை என்று சரியாகச் சொல்லிவிட்டால், அடுத்த துளையை எந்தப் பக்கம் போட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இந்த மூன்றுக்கும் புத்தகத்தில் நீளமான பெயர்கள் உண்டு. நம் ஆபீசில் அதை யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தக்காளி, பூண்டு, அவரை. நான் வைத்த பெயர்கள்தாம் அவை.

இன்னொன்று. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டைப் பாறை தெரிகிறது. புதிதாக வரும் எல்லாரும் ஒருநாள் கேட்பீர்கள், நம்ம பாறையில் செம்பு இருக்காதா என்று. நானும் கேட்டேன். நம் பாறை, செம்பு மலைகள் உருவாகும் ஆழத்தைவிடப் பல மடங்கு ஆழத்தில் வெந்தது. இன்று அது வெளியே தெரிகிறது என்றால், அதன் தலைக்கு மேல் இருந்ததெல்லாம் கரைந்து கடலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஒருவேளை இங்கேயும் ஒரு தக்காளியும் பூண்டும் அவரையும் இருந்திருக்கலாம். மலைக்கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு மேலே இருக்கும் வெறும் ஆகாயத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ரப்பர் வாசம் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். ஆறு பெண்கள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஊருக்கே புதிதாக வந்திருந்த பிராட்பேண்ட். ஆபீஸை நடத்திய சார் அதற்கு முன்பு கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுத்தவர். ஸ்டுடியோவையும் விடவில்லை, பக்கத்துத் தெருவில் இருந்தது. கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் படத்தைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் நன்றாகத் தெரியும்.

கல்லைப் படிப்பதில் நானும் ஜெசிந்தாவும். ஜெசிந்தா திண்டுக்கல்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் டீச்சர், தாத்தாவும் வாத்தியார். அவள் ஆங்கிலம் பேசினால் ரேடியோ கேட்கிற மாதிரி இருக்கும். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். நான் எழுதியதை அவள் சரிபார்ப்பாள், அவள் எழுதியதை நான். பிறகு சார் ஒரு பார்வை பார்த்து அனுப்புவார். நான் சொல்ல வந்த நாள் எந்த மாதமோ அந்த மாதத்திலிருந்துதான், கடைசியாகப் பார்த்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்.

அன்றைக்குக் காலையில் வந்த மெயிலில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. புதிய துளையின் விவரம் சாயங்காலத்துக்குள் வேண்டும். நம் சாயங்காலம் அங்கே விடிகாலை. விடிந்ததும் கூட்டம் போட்டு, துளைபோடும் இயந்திரத்தைக் கிழக்கே நகர்த்துவதா மேற்கே நகர்த்துவதா என்று முடிவு செய்வார்கள். மலையில் மழைக்காலம் தொடங்கிவிட்டது, அந்தப் பருவத்தில் இன்னும் ஒரு துளை போடத்தான் நேரம் இருக்கிறது. துளை முழுக்கச் சிவப்பு என்றால் நாம் இன்னும் நடுவிலேயே நிற்கிறோம், ஓரத்தைத் தேடிக் கிழக்கே போக வேண்டும். வெள்ளை என்றால் ஓரத்தைத் தாண்டி வந்துவிட்டோம், மேற்கே திரும்ப வேண்டும்.

அங்கே ஆட்கள் இல்லையா, அவர்களே பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அந்த நிறுவனத்துக்கு அந்த மலைத்தொடரில் பல இடங்களில் துளைகள். ஜியாலஜிஸ்ட் ஒருவர், அவரும் வேறொரு முகாமில். கல்பெட்டிகள் இருக்கும் கொட்டகையில் பெட்டியை அடுக்கிப் படம் எடுக்கும் உதவியாளர்கள் மட்டும்தான். அவர்கள் கல்லைப் பார்ப்பார்கள், எழுத மாட்டார்கள். நாங்கள் எழுதுவோம், கல்லைப் பார்க்க மாட்டோம்.

அதற்கு முந்தைய மாதம் கரண்டு போய் ஒரு துளையின் விவரத்தைத் தாமதமாக அனுப்பியிருந்தோம். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். சார் அந்த மெயிலை எங்கள் ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டினார். அந்த ஆறு பேரில் நான்கு பேர் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி.

மதியம் சாப்பாடு முடிந்ததும் ஜெசிந்தா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, முழுக்கத் தக்காளி. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு காய்கூட இல்ல."

எனக்கும் சந்தோஷம்தான். கேட்கிறவர்களுக்குப் பிடித்த பதில் அது. செம்பு மலையின் நடு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று சொல்வதை யார் வேண்டாம் என்பார்கள்? கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் "ஒரு காய்கூட இல்ல" என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது.

நான் கூடை கூடையாகத் தக்காளி பார்த்து வளர்ந்தவள். ஒரு காய்கூட இல்லாத கூடையை ஒட்டன்சத்திரத்தில் பார்த்ததில்லை. திண்டுக்கல் தெருவில்தான் பார்த்திருக்கிறேன். தள்ளுவண்டிக்காரர்கள் தக்காளிக்கு மேல் சிவப்புத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதன் வழியாக விழும் வெளிச்சத்தில் அரைப்பழம், செங்காய் எல்லாம் ஒரே சிவப்பாக ஜொலிக்கும். என் அம்மா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி வெயிலுக்கு வந்து பார்ப்பாள். "ஏத்தா, தக்காளிக்கு ஜாதகமா பாக்குற? வாங்குறதுன்னா வாங்கு" என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். அம்மா பாட்டுக்குப் பார்ப்பாள்.

நான் ஜெசிந்தாவின் படங்களைத் திறந்தேன். சிவப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சிவப்பில் மைக்கா எங்கே? மேல் பகுதியில் அநேகமாக இல்லை. பெரிய படிகங்களின் ஓரங்கள் மோரில் கரைத்த மாதிரி மங்கிக் கிடந்தன. புள்ளி புள்ளியாக பைரைட். நிறம் தக்காளி என்றது, மற்றதெல்லாம் பூண்டு என்றது.

"அந்த மலையில சில எடத்துல இப்படி ரெண்டும் கலந்து இருக்கும்க்கா" என்றாள் ஜெசிந்தா. உண்மைதான், இருக்கும். பின்னால் வந்த வெந்நீர் முன்னால் மாறிய பாறையை இன்னொரு தடவை மாற்றியிருக்கலாம். அவள் சொன்னது ஒன்றும் தப்பான வாதம் இல்லை.

இங்கே நம் வேலைமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் படங்கள் வந்தவுடன் முதல் மேசையில் ஒரு பெண் அவற்றை வெட்டுவாள். பெட்டியின் மரச் சட்டம், எழுத்துப் பலகை, தரை, யாருடைய காலோ கையோ, எல்லாம் போய்விடும். கல் மட்டும் நீளப் பட்டைகளாக எங்களுக்கு வரும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். வேகமாகப் படிக்கலாம். சாரின் யோசனை அது. கல்யாண ஆல்பத்தில் பந்தல் காலையும் பக்கெட்டையும் வெட்டி எடுப்பது போல.

நான் வெட்டாத படத்தைக் கேட்டு வாங்கித் திறந்தேன். துளையின் எண் எழுதிய தாள் ஒரு பலகையில் குத்தியிருந்தது. தாள் ரோஜா நிறத்தில் இருந்தது.

"ரோஸ் பேப்பராக்கூட இருக்கலாம்ல?" என்றாள் ஜெசிந்தா. குரலில் சிரிப்பு போயிருந்தது.

இருக்கலாம். படத்தின் மூலையில், பெட்டிக்குப் பக்கத்தில், யாரோ குடித்துவிட்டு வைத்த எனாமல் குவளை ஒன்று. அதுவும் ரோஜா நிறம், விளிம்பு மட்டும் கத்தரிப்பூ நிறம். போன மாதத்துத் துளையின் வெட்டாத படங்களைத் திறந்தேன். அதே கொட்டகை, அதே மூலை, அதே குவளை. பிடிக்குப் பக்கத்தில் எனாமல் உரிந்த அதே வடு. ஆனால் வெள்ளைக் குவளை, நீல விளிம்பு.

ஜெசிந்தா இரண்டு குவளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் கேட்டாள். "அப்ப நான் மூணு நாளா பாத்தது?"

"நீ எந்த வெளிச்சத்துல பாத்தேன்னு தெரியலையே ஜெசிந்தா."

"என்னைய நம்பலையாக்கா?"

"படத்த நம்பல."

அவளுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் வேலை நிரந்தரமாவது அந்தத் துளையை வைத்துத்தான் என்று சார் சொல்லியிருந்தார்.

சாரைக் கூப்பிட்டேன். வந்தார், இரண்டு குவளைகளையும் பார்த்தார், உடனே புரிந்துகொண்டார். மேலே ஏதோ சிவப்பாகக் கட்டியிருக்கிறார்கள் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுக்கா இம்புட்டு யோசனை? தள்ளும்மா. கல்யாண ஆல்பத்துல கருத்த பொண்ண எல்லாம் செவப்பாக்கி அனுப்பியிருக்கேன். இந்தக் கல்ல வெள்ளையாக்க எம்புட்டு நேரமாகும்?"

செய்தும் காட்டினார். இரண்டு சொடுக்கு, குவளை வெள்ளையானது. கல்லும் வெளிறியது. இன்னொரு சொடுக்கு, இன்னும் வெளிறியது. ஒன்றைக் குறைத்தார், திரும்பச் சிவந்தது. "எவ்வளவு வேணும்னு நீ சொல்லு" என்றார்.

எவ்வளவு வேண்டும் என்று நான் சொல்வதா? குவளை மூலையில் இருக்கிறது, பெட்டி நடுவில். தார்ப்பாய் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளிச்சத்தை விட்டிருக்குமா? ஈரக் கல்லா காய்ந்த கல்லா? நான் சொல்லும் அளவுக்கு அவர் வெளுப்பார். பிறகு அந்த வெளுப்பைப் பார்த்து நான் பூண்டு என்று எழுதுவேன். நான் நினைத்ததை நானே படத்தில் ஏற்றி, நானே படித்து, பெரு நாட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

வேண்டாம் சார் என்றேன். நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுப்பலாம், நிறத்தின் இடத்தைக் காலியாக விடலாம் என்றேன்.

காலியாக விட முடியாது. புரோகிராம் அப்படி. தக்காளி, பூண்டு, அவரை மூன்றில் ஒன்றை அழுத்தாமல் கட்டம் நகராது. காலியாக விட்ட கட்டம் சிவந்து நிற்கும், அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது. தெரியாது என்று ஒரு பதில் இருக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சார் எழுந்துவிட்டார். சாயங்காலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. தாமதமானால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மற்ற நான்கு பெண்களும் திரையைப் பார்ப்பது போல எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூடத் தக்காளிக்கும் பூண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் என் பதிலில் அவர்கள் வேலையும் இருந்தது.

என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். ஜெசிந்தா எழுதியபடியே அனுப்பிவிட்டால் யாரும் எங்களைக் கேட்க மாட்டார்கள். படம் சிவப்பு, நாங்களும் சிவப்பு என்றோம். தப்பு நடந்தால் அது தார்ப்பாயின் தப்பு. அங்கே மலையை வெட்டிக் கிழக்கே பாதை போடுவார்கள், மழைக்குள் அந்தக் கடைசித் துளையைப் போடுவார்கள், வெறும் பைரைட் வரும். எங்கள் வேலை பத்திரமாக இருக்கும். பாதுகாப்பான வழி அதுதான். நான் படித்த படிப்பு அந்த வழிக்குத் தேவையே இல்லை என்பதும் தெரிந்தது. நிறத்தை அப்படியே எழுத யார் வேண்டுமானாலும் போதும்.

"சார், போன் பூட்டைத் திறங்க" என்றேன்.

வெளிநாட்டுக்குப் பேசும் வசதியை அவர் பூட்டி வைத்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வந்து எண்களை அழுத்தித் திறந்துவிட்டு, ரிசீவரை ஜெசிந்தாவிடம் நீட்டினார். அவளுக்குத்தானே நல்ல ஆங்கிலம். அவள் வாங்கவில்லை.

"அக்கா பேசட்டும் சார். கண்டுபிடிச்சது அவங்கதான்."

ஜியாலஜிஸ்ட்டுக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி, எனக்கும் அப்படித்தான். அதனாலேயே இருவரும் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிக்கொண்டோம். முதலில் அவருக்கு எரிச்சல். விவரம் எங்கே என்றார். இருக்கிறது, ஆனால் நிறத்தை என்னால் சொல்ல முடியாது என்றேன். படம் தெளிவாகத்தானே இருக்கிறது என்றார். உங்கள் குவளை என்ன நிறம் என்று கேட்டேன். எந்தக் குவளை என்றார். சொன்னேன். பிறகு, மழைக்குக் கொட்டகையின் மேல் போன வாரம் புதுத் தார்ப்பாய் போட்டார்கள், என்ன நிறம் என்று நான் கவனிக்கவில்லை என்றார்.

மேலிருந்து ஒரு பெட்டி, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. மூன்றையும் கொட்டகைக்கு வெளியே வெயிலில் வைத்து, பக்கத்தில் அந்தக் குவளையையும் வைத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அது வரைக்கும் இயந்திரத்தை நகர்த்தாதீர்கள் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டேன் என்று எழுதினால் பணிவாக இருக்கும்; ஆனால் சொன்னேன் என்பதுதான் உண்மை. கூட்டத்தைத் தள்ளிவைக்கிறேன், ஆனால் உங்கள் சந்தேகம் வீணாக இருந்தால் அதையும் எழுதி வைப்பேன் என்றார்.

அங்கே வெயில் ஏறும் வரை காத்திருந்தோம். சார் படி இறங்கி டீ குடிக்கப் போனார், குடிக்காமல் திரும்பி வந்தார். ஜெசிந்தா தன் துளையை முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நிறத்தைப் பார்க்காமல், படிகங்களின் ஓரத்தையும் மைக்காவையும் மட்டும். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் காலத்து இணைப்பில் பெரிய படம் ஒரேயடியாகத் திறக்காது. மேலிருந்து கீழாக, ஜன்னல் திரையை இறக்குவது போல வரும். முதலில் தரை வந்தது, ஈர மண். பிறகு குவளை வந்தது. வெள்ளை. நீல விளிம்பு. ஆபீஸ் முழுக்க என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தது. பிறகு பெட்டியின் சட்டம், பிறகு கல்.

சாம்பல் வெள்ளை. பூண்டு.

இரண்டாவது படமும் பூண்டு. மூன்றாவதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து நான் கீபோர்டில் கைவைத்துவிட்டேன். அது திறந்தபோது கையை எடுத்துவிட்டேன். குவளை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் கல் சிவந்திருந்தது. நல்ல வெயிலில், தார்ப்பாய் இல்லாமல், தானாகச் சிவந்திருந்தது. அதில் மைக்கா மினுங்கியது.

"இது நான் சொன்ன தக்காளிதான்க்கா" என்று பின்னாலிருந்து சின்னக் குரலில் சொன்னாள் ஜெசிந்தா. அவள் இரண்டாம் தடவை படித்து எழுதிய தாளை நீட்டினாள். எந்த ஆழத்தில் மைக்கா தொடங்குகிறது என்று அவள் குறித்திருந்த இடம், அடிப் பெட்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

முழுக்கத் தக்காளி என்று அனுப்பியிருந்தால் தப்பு. சார் கையால் வெளுத்து, முழுக்கப் பூண்டு என்று அனுப்பியிருந்தாலும் தப்பு. நான் உறுதியாக நம்பிய இரண்டாவது பதிலும் தப்பு என்பதைத்தான் இன்றுவரை அதிகம் யோசிக்கிறேன். எல்லாரும் தேடும் அந்த ஓரம் துளையின் அடிப்பகுதியிலேயே இருந்தது. நாங்கள் ஜெசிந்தா குறித்த ஆழத்தைச் சொன்னோம், காரணங்களைச் சொன்னோம், மிச்சப் பெட்டிகளையும் வெயிலில் எடுத்துப் பார்க்கச் சொன்னோம். இயந்திரம் கிழக்கே போகவில்லை.

அங்கே செம்பு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். ஒப்பந்தப்படி எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகும் வேலை எங்களிடமே வந்துகொண்டிருந்தது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த விடை. ஜெசிந்தாவின் வேலையும் நிரந்தரமானது.

இப்போது நீங்கள் பார்க்கும் சில வழக்கங்கள் அன்று வந்தவை. ஒவ்வொரு படத்திலும் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைத் தட்டு ஒன்று இருக்கும். வெட்டாத படத்தைப் பார்த்த பிறகுதான் வெட்டிய படத்தைத் திறக்க வேண்டும். புரோகிராமில் நான்காவதாக ஒரு பதிலும் வந்தது, தெரியவில்லை என்று. அதற்கு ஜெசிந்தா வைத்த பெயர் மூட்டை. இன்னும் பிரிக்காத மூட்டை. அதை அழுத்த வெட்கப்படாதீர்கள். ஆனால் அழுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடாதீர்கள். எதைக் காட்டினால் அது பிரியும் என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் அது பதில் இல்லை, சோம்பேறித்தனம்.

அடுத்த முறை மார்க்கெட்டுக்குப் போனபோது மண்டி உரிமையாளரிடம் நானாகவே போய் நின்றேன். "போட்டோவுல பார்த்துத் தரம் சொல்ல மாட்டேனுங்க. வெயிலுக்கு எடுத்துட்டு வரச் சொல்லுவேன்" என்றேன். அவர் என்ன விஷயம் என்று கேட்டார். முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அங்கயே போயிரலாமல்ல அம்மிணி?" என்றார். மறுபடியும் ஒரு நல்ல கேள்வி. அப்பா அந்த நேரம் மூட்டையை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அங்கே போக எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

போன மாதம் அங்கிருந்து மெயில் வந்தது. ஒரு பருவம் முழுக்கக் கொட்டகையிலேயே தங்கிக் கல்லைப் படிக்க ஓர் ஆள் வேண்டும், உங்களில் யார் வருகிறீர்கள் என்று. ஜெசிந்தாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், சாருக்கு அவளை அனுப்பத்தான் மனம் இருந்தது. நான் என் பெயரைக் கொடுத்தேன். என் நாற்காலியில் இனி ஜெசிந்தா உட்காருவாள். உங்கள் படங்களைக் கடைசியாகப் பார்த்து அனுப்புவது அவள்தான். அவள் "வெட்டாத படம் எங்கே?" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டுக்கான படத்தைச் சார்தான் தன் ஸ்டுடியோவில் எடுத்தார். முகத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டார்.

"கொஞ்சம் செவப்பாக்கட்டுமா?"

இருக்கிற நிறத்திலேயே இருக்கட்டும் சார் என்றேன். அந்தப் படத்தை ஒட்டித்தான் போன திங்கட்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.